வெந்நீருக்குக் கொண்டுபோன மலர்வளையம்

எனக்கு வடிவாக எழுத வராது என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஒன்றைச் சொல்லத் தொடங்கி இன்னொன்றுக்குள் போய்விடுவேன். ஊர்ப் பெயர்கள் மறந்துபோகும், ஆட்களின் முகம் மட்டும் நிற்கும். நாலு பேருக்கு முன்னால் கதைக்கச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிற ஆள் நான். எழுதும்போது ஒருவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாரியில் திருகோணமலைப் பக்கம் பாலையூற்றில் எங்கள் வீட்டு வளவுக்குள் வெள்ளம் வந்தது. வடிந்த பிறகு சுகாதாரப் பகுதியிலிருந்து ஒருவர் வந்து கிணற்றுக்குள் குளோரின் கரைத்து ஊற்றினார். "ரெண்டு நாளைக்குக் குடியாதீங்க அம்மா, குளிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் காலை ஒரு வாளி இழுத்துத் தலையில் ஊற்றினேன். அந்த மணம் மூக்கில் ஏறியதுதான், நான் பாலையூற்றில் இல்லை. ஜேர்மனியில் ஒரு கண்ணாடி மண்டபத்து வாசலில் நிற்கிறேன். உடம்பில் வெள்ளைச் சேலை, கையில் ஒரு பொட்டலம் எள்ளு. எனக்கு முன்னால், செத்துப்போன மனிதர் ஒருவர் தலை நனைந்து, உடம்பிலிருந்து ஆவி பறக்க, சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

இதை விளக்கமாகச் சொல்லாவிட்டால் கிழவிக்கு மண்டை பிசகிவிட்டதென்று நினைப்பீர்கள்.

எழுபதுகளின் கடைசி. துறைமுகத்தில் ஏதோ கட்ட வந்த ஜேர்மன் எஞ்சினியர் ஒருவரின் வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை எனக்கு. இரண்டு பொடியள், இரண்டும் என் இடுப்பில் வளர்ந்தவை. கட்டி முடிந்து அவர்கள் திரும்பிப் போகும்போது சின்னவன் என் சேலைத் தலைப்பை விடமாட்டேன் என்று நின்றான். துரைசாணி என்னையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அப்படித்தான் நான் வெளிநாடு போனது, சேலையில் கொழுவிய முள்ளு மாதிரி. போன இடத்தில் துரைசாணிக்கு ஒரு எண்ணம் வந்தது, எனக்கு டொச், அதுதான் ஜேர்மன் மொழி, படிப்பிக்க வேண்டுமென்று. தமிழே ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவளுக்கு முப்பது வயதில் டொச். பின்வாங்கில் போய் இருந்தேன். ரீச்சர் கேள்வி கேட்டால் கொப்பிக்குள் தலையை விடுவேன். மாதக்கணக்காக அந்த வகுப்பில் நான் ஒரு முழு வசனம் சொல்லவில்லை.

ஆனால் தனியாக இருக்கவில்லை. அந்த வகுப்பில் முதல் நாளே ஒரு குரல் பக்கத்திலிருந்து கேட்டது. "நீங்க எந்த ஊர் தங்கச்சி?" கிண்ணியா ஜமால்தீன், முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற முறையில் எனக்குக் காக்கா. கப்பல் குசினியில் வேலை செய்து, ஹம்பேர்க்கில் வயிற்று நோவோடு இறக்கிவிடப்பட்டு, பிறகு எப்படியோ இந்த ஊருக்கு வந்து ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர். டொச் அவருக்குத் தெரியும் என்பது அவருடைய எண்ணம். ரீச்சர் ஒரு வசனம் சொன்னால் இவர் மூன்று வசனத்தில் எனக்குத் தமிழில் சொல்வார். அதில் இரண்டு வசனம் அவருடையதாக இருக்கும்.

உர்சுலா ரீச்சர் சனிக்கிழமைதோறும் வகுப்பை பஸ்ஸில் ஏற்றி எங்காவது கொண்டுபோவார். வாங்கில் இருந்து படித்தால் மொழி வராது, ஊரைப் பார்த்தால்தான் வரும் என்பது அவர் கதை. முதல் சனிக்கிழமை ஒரு கோட்டைக்குப் போனோம். பாதிச் சுவர் விழுந்து கிடந்தது. விழுந்த பாதியைத்தான் எல்லாரும் படம் எடுத்தார்கள். "எங்கட கோட்டை முழுசா நிக்குது, ஒருத்தனும் திரும்பிப் பாக்கிறானில்ல" என்று காக்காவுக்குக் கோபம். அடுத்த சனிக்கிழமை, ரிக்கற் எடுத்து மான் பார்க்கப் போனோம். கம்பி வேலிக்குள் ஏழெட்டு மான் நின்றது. ரீச்சர் சத்தம் போடவேண்டாமென்று வாயில் விரலை வைத்தார். திருகோணமலையில் பஸ் நிலையத்தில் நிற்கும்போது மான் வந்து கையிலிருக்கும் பேப்பர்ப் பையைத் தின்னும். வாழைப்பழம் வாங்கினால் தோல் அதற்குத்தான். வேலிக்குள் நின்ற மானிடம் நான் பழக்கத்தில் ரிக்கற்றை நீட்டினேன். அது வாங்கித் தின்றுவிட்டது. வெளியே வரும்போது ரிக்கற் கேட்டார்கள். காக்கா மானைக் காட்டினார்.

இந்தச் சிரிப்பெல்லாம் மாசிக்கு முன்னம். மாசியில் தந்தி வந்தது, ஐயா போய்விட்டார் என்று.

ஐயா என்றால் என் தகப்பனார். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பெயின்ற் அடித்தவர். எவ்வளவு குளித்தாலும் தலைமயிரில் பெயின்ற் மணம் நிற்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கன்னியாவுக்குப் போவார், வெந்நீர்க் கிணறுகளுக்கு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏழு சின்னக் கிணறுகள், பக்கத்தில் பக்கத்தில், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாய்க்குக் கிரியை செய்வதற்கு உண்டாக்கியது என்பார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் ஆராவது செத்தால் முப்பத்தொன்றாம் நாளில் அங்கே போய்த்தான் கடமை செய்து தலை முழுகுவது. கிணற்றுக்குள் ஒருவரும் இறங்குவதில்லை, வாளியால் அள்ளித்தான் ஊற்றுவது. ஐயாவுக்கும் அவருடைய தம்பி சின்னையாவுக்கும் அங்கே ஒரு தீராத வழக்கு. எந்தக் கிணறு கூடச் சூடு?

"நாலாவது. கையை விட்டுப் பார்."

"உனக்குக் கை மரத்துப்போச்சண்ணை, பெயின்ற் அடிச்சு அடிச்சு. ஆறாவதுதான்."

"அப்ப காலை விடு."

செத்த வீட்டுக் கூட்டத்துக்கு நடுவிலும் இரண்டு பேரும் வாளியோடு நின்று வாதாடுவார்கள். ஐயர் ஒருமுறை மந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

தந்தி வந்த அன்று துரைசாணி என்னைக் கட்டிப்பிடித்தார், ஒரு நாள் லீவு தந்தார். லீவில் என்ன செய்வது? பொடியளின் உடுப்பெல்லாம் அயன் பண்ணினேன். பிளேன் ஏறி ஊருக்குப் போய்ச் சேர முதல் எல்லாம் முடிந்துவிடும். தம்பி கொள்ளி வைப்பான், தம்பியே கன்னியாவில் கடமை செய்வான். எனக்கு அழுகை வரவில்லை. கல்லு மனம் என்று நினைக்காதீர்கள். அழுவதற்கும் ஆட்கள் வேண்டும். நாலு பெண்டுகள் வந்து கழுத்தைக் கட்டித் தொடக்கி வைக்க வேண்டும். அங்கே பக்கத்து வீட்டுப் பெண் யன்னலால் எட்டிப் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு யன்னலைச் சாத்துவாள். வகுப்பில் சொல்லலாம்தான். சொன்னால் எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்களே. காக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. அவருக்குச் சொன்னால் எல்லாருக்கும் சொன்ன மாதிரி. மனதுக்குள் நாளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்று ஒரு சனிக்கிழமையில் வந்தது.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ரீச்சர் பலகையில் ஒரு குளம் கீறி, அதற்கு மேலே ஆவி கீறினார். நாளைக்கு இங்கே போகிறோம், நிலத்துக்கு அடியிலிருந்து வரும் சூடான தண்ணீர், எத்தனையோ காலமாகச் சனம் வருகிறது, துவாயும் மாற்று உடுப்பும் கொண்டுவாருங்கள் என்றார். ஒவ்வொரு சொல்லும் எனக்குச் சரியாக விளங்கியது. டொச்சில் எனக்கு முழுதாக விளங்கிய முதல் கதை அதுதான். சூடான தண்ணீர், மாற்று உடுப்பு, எல்லாரும் ஒன்றாகப் போவது. ஆனால் ஒருத்தர் சாகாமல் ஏன் போக வேண்டும்?

"காக்கா," என்றேன் மெல்ல, "ஆர் செத்தது?"

அவர் ரீச்சரை ஏற இறங்கப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகுதான் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. ரீச்சர் மூன்று கிழமையாகக் கறுப்பு உடுப்புத்தான். கண் இரண்டும் சிவந்து வீங்கி இருந்தது, மூக்கைத் துடைக்க எப்போதும் கையில் லேஞ்சி. ஒவ்வொரு நாளும் மஞ்சள் காரில் வந்து அவரை ஏற்றிப் போகும் புருஷனையும் காணவில்லை. இப்போது பஸ்ஸுக்குத் தனியாக நடந்து போகிறார்.

"மனுசன் மவுத்தாப் போயிட்டான்," என்றார் காக்கா. "பாவம் புள்ள, வெளியில சொல்லாம அழுது திரியிது."

"எங்கட கன்னியா மாதிரி இவைக்கும் ஒண்டு இருக்கு போல."

"ஏன் இல்லாம? சுடுதண்ணி எல்லாருக்கும் ஒண்டுதானே. நாங்க அதுக்குப் போறல்ல, நீங்க போறது எனக்குத் தெரியும். நாளைக்கு எல்லாரும் மரியாதையா வரவேணும். நான் சொல்லிப் போடுறன்."

சொல்லியும் போட்டார். ரீச்சர் வெளியே போன இடைவேளையில், கையாலும் காலாலும் டொச்சாலும் கப்பல் இங்கிலீசாலும் வகுப்பு முழுவதுக்கும் அறிவித்தார். இத்தாலிக்காரி மரியா நெஞ்சில் சிலுவை போட்டாள். துருக்கி மேசன் ஒருவர் இருந்தார், நல்ல பெரிய உடம்பு, அவர் எழும்பி நின்று எல்லாரிடமும் சேர்த்து ஒரு மலர்வளையம் வாங்குவது தன் பொறுப்பு என்றார்.

நான் அன்று மாலை பேக்கரியில் எள்ளுப் போட்ட பணிஸ் வாங்கினேன். அந்த ஊரில் எள்ளு எங்கே விற்கும் என்று எனக்குத் தெரியாது. குசினியில் இருந்து ஒவ்வொரு எள்ளாகச் சுரண்டிப் பேப்பரில் சுற்றினேன். சின்னவன் வந்து பார்த்துவிட்டு, சுரண்டிய பணிஸை எல்லாம் தின்று தீர்த்தான். ரீச்சருக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் சுரண்டினேன். சுரண்டும்போது நினைவு ரீச்சரின் புருஷனில் இல்லை.

சனிக்கிழமை பஸ்ஸைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நான் வெள்ளைச் சேலை. காக்கா, காற்சட்டையோடு போவது மரியாதை இல்லையென்று அதற்கு மேலே வெள்ளைச் சாறன் கட்டி, தொப்பி போட்டிருந்தார். மற்றவர்கள் எல்லாரும் கறுப்பு. மேசனின் மடியில் பஸ் சில்லு அளவில் மலர்வளையம், அதை மறைக்க அவருடைய மழைக்கோட்டு. வழமையாக பஸ்ஸில் ரீச்சர் எங்களைப் பாடச் சொல்வார். அன்றைக்கும் கையைத் தட்டித் தொடங்கினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. புருஷன் செத்தும் பாட நினைக்கிறாவே என்று மரியாவுக்குத் தாங்கவில்லை. எழும்பிப் போய் ரீச்சரின் கையைப் பிடித்து அழுதாள். ரீச்சர் அவளைத் தட்டிக்கொடுத்து, பயப்படாதே, தண்ணீர் இடுப்பளவுதான் என்றார்.

"என்ன சொல்லுறா காக்கா?"

"மனசைத் தேத்துறாவாம்."

போய் இறங்கினோம். கண்ணாடி மண்டபம், உள்ளே வெள்ளை ஆவி, வாசல் வரைக்கும் குளோரின் மணம். ரீச்சர் சந்தோசமாகக் கையைக் காட்டினார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார் அவருடைய புருஷன்.

வெள்ளைத் துவாய்த் துணியில் கால்வரைக்கும் ஒரு அங்கி. தலை நனைந்திருந்தது. அந்தக் குளிரில் மேலெல்லாம் ஆவி பறந்தது. காக்கா ஓதத் தொடங்கிவிட்டார். நான் அவருடைய சாறனைப் பிடித்துக்கொண்டேன். மேசன்தான் நிதானம் உள்ளவர். ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் முடிக்க வேண்டும் என்கிற மனிதர். நேரே நடந்துபோய் அந்த மலர்வளையத்தை அவர் கையிலேயே கொடுத்தார்.

புருஷன் நன்றி சொல்லி வாங்கினார். அதில் ஒரு நாடா கட்டியிருந்தது. பூக்கடைக்காரர் பொன் எழுத்தில் எழுதிக் கொடுத்தது. மனிதர் அதை விரித்துச் சத்தமாக வாசித்தார். அமைதியாக உறங்குங்கள், உங்கள் மாணவர்கள்.

பிறகு அவர் படியில் குந்திவிட்டார். சிரிப்பில் மூச்சு வரவில்லை. விசயம் இதுதான். மஞ்சள் கார் பழுதாகிக் கராச்சில் நின்றது. மனிதர் சனிக்கிழமைகளில் இடுப்பு நோவுக்கு இங்கே காலையிலேயே றெயினில் வந்து ஊறுகிறவர். ரீச்சருக்கு வருஷா வருஷம் பூ பூக்கிற காலத்தில் மகரந்தத் தூளால் கண் சிவந்து மூக்கு ஓடும். கறுப்பு உடுப்பு, அது அவவுக்கு விருப்பமான நிறம்.

ரீச்சர் சிரிக்கவில்லை. ஆர் இதைச் சொன்னது என்று கேட்டார். வகுப்பு முழுக்கக் காக்காவைக் காட்டியது. காக்கா என்னைக் காட்டினார்.

"காக்கா, இதென்ன வேலை?"

"நான் என்ன செய்ய தங்கச்சி? ஆர் செத்தது எண்டு கேட்டது நீங்கதானே. நான் மறுமொழிதான் சொன்ன."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எந்தப் பார்வைக்குப் பயந்து இவ்வளவு நாளும் வாய் திறக்காமல் இருந்தேனோ, அந்தப் பார்வை. கதைக்காவிட்டால் ரீச்சரைப் பகிடி பண்ணினதாகிவிடும். டொச்சில் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். எங்கள் ஊர். சுடுதண்ணீர், நிலத்தால் வரும். ஆள் செத்தால் போவது. முப்பத்தொராம் நாள். தலையில் ஊற்றுவது.

ரீச்சர் எனக்குக் கிட்ட வந்தார். பிறகு கேட்டார், வகுப்பில் கேள்வி கேட்கிற குரலில் இல்லை. "உங்களுக்கு ஆர் செத்தது?"

"என்னுடைய தகப்பன்," என்றேன். "இன்றைக்கு முப்பத்தொராம் நாள்."

அதுதான் அந்த மொழியில் நான் பிழையில்லாமல் சொன்ன முதல் வசனம். படியில் இருந்து சிரித்த மனிதர் எழும்பினார். அங்கியின் கயிற்றை இறுக்கிக் கட்டினார். நாடாவைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். மலர்வளையத்தை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"என்ன புள்ள," என்றார் காக்கா. அவருடைய குரல் மாறிப்போய் இருந்தது. "ஒரு மாசமாப் பக்கத்தில இரிக்கிறன். எனக்கிட்டயும் சொல்லல்லியே."

உள்ளே போகலாம் என்று ரீச்சர் கூட்டிப் போனார். வாசலில் வெள்ளைக் காற்சட்டை போட்ட மேற்பார்வைக்காரர் மறித்தார். சேலையோடு குளத்தில் இறங்கக் கூடாது, தலைக்கு றப்பர்த் தொப்பி போட வேண்டும், பூ கொண்டுவரக் கூடாது. குளத்தில் இறங்க ஆருக்கு விருப்பம்? அதற்குள் இருபது முப்பது பேர் றப்பர்த் தொப்பியோடு, சுடுதண்ணியில் போட்ட முட்டைகள் மாதிரி மிதந்துகொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு வாளியும் தண்ணீரும் போதும் என்று விளங்கப்படுத்தினேன். ரீச்சரின் புருஷன்தான் வழி கண்டுபிடித்தார். கட்டிடத்துக்கு வெளியே, முற்றத்தில் ஒரு கல்லுச் சிங்கம். அதன் வாயிலிருந்து அதே வெந்நீர் விழும். நோய் வருத்தக்காரர் கோப்பையில் பிடித்துக் குடிப்பார்களாம். காக்கா தளம் துடைக்கிற மனுசியிடம் போய் அவளுடைய சிவப்பு வாளியை வாங்கி வந்தார். என்ன சொல்லி வாங்கினார் என்று தெரியாது. அந்த மனுசியும் துடைப்பத்தோடு கூட வந்து நின்றாள்.

மந்திரம் எனக்குத் தெரியாது. பணிஸில் சுரண்டிய எள்ளைச் சிங்கத்தின் காலடியில் வைத்தேன். மலர்வளையத்தை அதன் கழுத்தில் மேசன் மாட்டினார், அவருக்குத்தான் எட்டியது. காக்கா ஒரு பக்கமாகத் தள்ளி நின்று தன்னுடைய முறையில் கை ஏந்தினார். முதல் வாளியை நானே ஊற்றினேன். இரண்டாவதை மரியா ஊற்றினாள், மூன்றாவதை ரீச்சர். கோப்பையோடு குடிக்க வந்த கிழவர்கள் ஒழுங்காக வரிசையில் நின்று, தங்கள் முறை வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிங்கத்தின் வாய்க்குக் கீழே கையை நீட்டினேன். சட்டென்று இழுத்துக்கொண்டேன். வாளிக்குள் ஆறி வந்த தண்ணீர் மாதிரி இல்லை, சுட்டுவிட்டது. எனக்கு ஐயாவை நினைத்து ஒரு கோபம் வந்தது, அவருக்காக ஒரு ரோசம்.

"காக்கா, ஐயா வாதாடுற நாலாங் கிணத்தை விட இது சூடு."

அவரும் கையை நீட்டி எடுத்தார். உதறினார்.

"ஓம். அவருக்குச் சொல்லாதீங்க தங்கச்சி."

அதற்குத்தான் சிரித்தேன். தந்திக்குப் பிறகு முதல் சிரிப்பு. அது நடுவில் உடைந்து மற்றதாக மாறிவிட்டது. மரியா ஓடிவந்து, நனைந்த சேலையோடு நின்ற என்னைக் கட்டிப்பிடித்து, அவளும் இத்தாலி மொழியில் சத்தம் போட்டு அழத் தொடங்கினாள். நன்றாகவே தெரிந்திருந்தது அவளுக்கு, எங்கள் பக்கத்துச் சல்லி ஊர்ப் பெண்டுகளைப் போல. மூக்கு ஓடுகிற ரீச்சரும் சேர்ந்துகொண்டார். மேற்பார்வைக்காரர் விசில் ஊதினார், பிறகு விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். திரும்பி வரும் பஸ்ஸில் எல்லாரும் பாடினோம். எனக்கு ஒரு கிழமை தும்மலும் தடிமலும்.

நான் ஊருக்குத் திரும்பி வந்த பிறகு காக்காவும் வந்தார். பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறித் தண்ணீரைக் கடந்து கிண்ணியாவில் அவர் வீட்டுக்குப் போனேன். பெண்சாதியைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். "இவதான் உசிரோட இருந்த மனுசனுக்கு முப்பத்தொண்டு செஞ்சவ." சின்னையாவிடம் சிங்கத்தின் கதையைச் சொன்னேன். "அப்ப அங்கயும் ஒரு ஆறாவது இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

பிறகு வந்த சண்டைக் காலம் உங்களுக்குத் தெரியும். கன்னியாவுக்குப் போகிற வழி அடைபட்டுக் கிடந்தது. அம்மா போனபோது இந்தப் பாலையூற்றுக் கிணற்றிலேயே குளிர்ந்த தண்ணீரில் தலை முழுகினோம். சின்னையாவும் போனார், வழக்குத் தீராமலே. கிண்ணியாவுக்கு இப்போது பாலம், பாதை இல்லை. பாலம் வந்த காலத்தில் காக்காவும் இல்லை. ஜேர்மன் துரை இருந்த வீட்டில் மதில்தான் மிச்சம். கன்னியாவுக்கு இப்போது ரிக்கற் எடுத்துப் போகலாமாம். ஓட்டோவில் கிட்டத்தான், ஆனால் என் முழங்கால் சம்மதிக்காது. முழங்காலை மட்டும் குற்றம் சொல்வதும் சரியில்லை.

இதை வாசிக்கிறவர்கள் ஆராவது அந்த நாட்டில் இருந்தால், சிங்கத்தின் வாயால் வெந்நீர் விழுகிற அந்த ஊர் எது என்று பார்த்துச் சொல்லுங்கள். சிங்கம்தானா, வேறு ஏதும் மிருகமா என்பதும் எனக்கு இப்போது நிச்சயமில்லை. ரீச்சரின் புருஷன் இப்போது உண்மையாகவே போயிருக்கக் கூடும். அவருக்கு உரிய மலர்வளையம் என் ஐயாவுக்குப் போய்விட்டது, அதை அவர்கள் வீட்டில் சொல்ல வேண்டும். ஊரில் இருப்பவர்கள் கன்னியாவுக்குப் போனால், நாலாவதிலும் ஆறாவதிலும் கையை விட்டுப் பாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று ஐயாவும் சின்னையாவும் ஒருநாளும் பேசி முடிவு செய்யவில்லை. இரண்டு பக்கமும் எண்ணிப் பாருங்கள். நாலாவது என்றால் எனக்கு அறிவியுங்கள். ஆறாவது என்றால் சொல்ல வேண்டாம்.